ஃபின்லாந்துக் குளிர்காலம்: எக்ஸ்சேஞ்ச் போறவங்க கேட்க மறக்கிற கேள்வி

போன எபிசோட் வந்த பிறகு ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். மூன்றாம் வருடம் இசிஇ படிக்கிறார். ஆகஸ்ட் மாதம் ஒரு வருட எக்ஸ்சேஞ்சுக்கு ஃபின்லாந்து கிளம்புகிறாராம். மொத்தம் பதினோரு கேள்வி. அதில் ஏழு கேள்வி ஜாக்கெட்டைப் பற்றி. எந்தப் பிராண்ட், எவ்வளவு கனம், இங்கேயே வாங்கணுமா, ஒன்று போதுமா, இரண்டு வேணுமா.

தம்பி, நானும் 2018ல போனப்போ இதே ஏழு கேள்வியோடதான் போனேன். ஊர் பெயர் ஓவ்லு. ஹெல்சின்கியிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் வடக்கே, கடலோரம். நோக்கியா காலத்திலிருந்தே ரேடியோ, வயர்லெஸ் வேலைக்குப் பேர் போன ஊர். நான் போன வருடம்தான் அங்கே 6ஜி ஆராய்ச்சித் திட்டமும் தொடங்கியது. எனக்கு அதுதான் பெரிய விஷயம். குளிர் எல்லாம் பார்த்துக்கலாம்னு இருந்தேன்.

சொன்னா நம்ப மாட்டீங்க, குளிரைப் பார்த்துக்கவே வேண்டியிருக்கவில்லை. அதை அந்த ஊர்க்காரங்க ஏற்கெனவே பார்த்து வெச்சிருக்காங்க. ஜன்னலில் மூன்று அடுக்குக் கண்ணாடி. கட்டடத்துக்குள்ளே நுழைய ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கதவு, நடுவில் ஒரு சின்ன இடம். நகரத்துக்கே பொதுவான ஒரு ஆலையில் தண்ணீரைச் சூடு பண்ணி, மண்ணுக்கடியில் குழாய் வழியா ஒவ்வொரு கட்டடத்துக்கும் அனுப்புறாங்க. வெளியே மைனஸ் 22, என் ரூமில் பிளஸ் 21. டி-ஷர்ட் போட்டு உட்கார்ந்து கோட் அடிச்சிருக்கேன். ஊட்டியில் டிசம்பர் மாதம் ஒரு லாட்ஜில் நடுங்கின அளவுக்கு நான் ஃபின்லாந்தில் ஒரு வீட்டுக்குள்ளும் நடுங்கினதில்லை.

ரூமுக்குள் வேற ஒரு தொல்லை இருக்கு. வறட்சி. மைனஸ் 20ல காற்றுக்கு ஈரத்தைத் தாங்கும் சக்தியே ரொம்பக் குறைவு. அதே காற்றை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால், கணக்குப்படி ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியும், கதவுப் பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டில் கொண்டு போங்க. அம்மா திணிச்சதில் ரொம்ப உருப்படியான பொருள் அதுதான்.

ஜாக்கெட் விஷயத்தை முடிச்சிடுவோம். இங்கே வாங்காதீங்க. அங்கே ‘கிர்ப்புத்தோரி’ன்னு பழைய பொருள் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கு, நல்ல கோட் சல்லிசா கிடைக்கும். கனமான ஒரே கோட்டைவிட மூன்று அடுக்கு முக்கியம். தோலை ஒட்டி கம்பளி, அதன் மேல் ஃபிளீஸ், வெளியே காற்று புகாத ஒன்று. உடம்பைச் சூடா வெச்சிருப்பது துணி இல்லை, அடுக்குகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் காற்று. பருத்தி பனியனை உள்ளே போடாதீங்க. வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும், நின்ற அடுத்த நிமிஷம் முதுகு சில்லிடும். ஷூ ஒரு சைஸ் பெரிசா எடுங்க, சாக்ஸுக்கும் காற்றுக்கும் இடம் வேணும். அவ்வளவுதான்.

சைக்கிளும் ஓட்டலாம். ஓவ்லுவில் குளிர்காலம் முழுக்க மக்கள் சைக்கிள்ல போறாங்க. குளிர்கால சைக்கிள் ஓட்டுவதற்கென்றே ஒரு சர்வதேச மாநாட்டை 2013ல முதன்முதலா அங்கேதான் நடத்தினாங்க. ரொம்பக் குளிரில் உப்பு வேலை செய்யாதுங்கறதால பாதையில் பனியைத் தள்ளிவிட்டு, மேலே பொடி ஜல்லி தூவுவாங்க. டயரில் இரும்பு முள் இருக்கும். நான் நாலு தடவை விழுந்தேன். நாலும் முதல் வாரத்தில்.

இப்போ தம்பி கேட்காத கேள்விக்கு வர்றேன். வெளிச்சம்.

கணக்கு சுலபம். ஓவ்லு 65 டிகிரி வடக்கில் இருக்கு. டிசம்பர் 21 வாக்கில் நடுப்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கும்? 90ல இருந்து 65ஐக் கழிச்சா 25. அதிலிருந்து பூமியின் சாய்வு 23.4ஐக் கழிச்சா மிச்சம் 1.6 டிகிரி. அதே நாளில் திருச்சியில் 56 டிகிரி கிட்ட இருக்கும். 1.6 டிகிரின்னா, கையை நீட்டி சுண்டு விரலைப் படுக்க வெச்சா, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை விரல் அளவு. அதுவும் மேகம் இல்லாவிட்டால். பகல் மொத்தமே சுமார் மூன்றரை மணி நேரம்.

ஆனா என்னைக் கவுத்தது டிசம்பர் இல்லை, நவம்பர். அப்போ இருட்டு வேகமா இறங்குது, பனி இன்னும் சரியா நிற்கலை. புதுப் பனி விழுந்துட்டா மேலே படும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிடும். தெரு விளக்கே ஊரை வெள்ளையாக்கிடும். நவம்பரில் தரை கறுப்பு, மேகம் சாம்பல், மழை. ஃபின்னிஷில் அந்த மாதத்துக்குப் பெயர் ‘மர்ராஸ்கூ’. அதில் இருக்கும் ‘மர்ராஸ்’ என்ற பழைய சொல்லுக்குச் சாவோடு சம்பந்தப்பட்ட அர்த்தம். பெயர் வெச்சவங்க யோசிச்சுத்தான் வெச்சிருக்காங்க.

முதலில் ஒண்ணும் தெரியலை. ராத்திரி கொஞ்சம் லேட்டா தூங்கினேன். ஒரு மணி, ரெண்டு மணி, அப்புறம் காலை அஞ்சு மணி. எழுந்திருக்கும்போது மதியம் ஒன்றரை. பல் தேய்ச்சு டீ போடறதுக்குள்ள சூரியன் போயிடும். மூளைக்குள்ளே ஒரு கடிகாரம் இருக்கு, அதை ஒவ்வொரு நாளும் சரி பண்றது கண்ணுக்குள் விழும் காலை வெளிச்சம். தூக்கத்துக்கான மெலடோனினை எப்போ நிறுத்தணும், எப்போ சுரக்கணும்னு அதுதான் முடிவு பண்ணும். வெளிச்சமே விழலைன்னா கடிகாரம் தன் போக்கில் நழுவும். நம்ம பாஷையில் சொன்னா, என்டிபி சர்வரோட தொடர்பு அறுந்த மெஷின். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப்போகும், லாக்கில் ஒரு எரரும் வராது.

ஒரு கட்டத்தில் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது நாளா பகல் வெளிச்சத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு லேபுக்குப் போகலை. சாப்பாடு பிரெட், ஜாம். யாரிடமும் பேசப் பிடிக்கலை. சோகம்னுகூட சொல்ல முடியாது, எல்லாம் கனமா இருந்தது. வீட்டில் கேட்டா ‘சூப்பரா இருக்கும்மா, பனி விழுது’ன்னு சொல்லுவேன். ஃபோனை வெச்சுட்டு ஹெல்சின்கி - டெல்லி - திருச்சி டிக்கெட் விலை பார்ப்பேன். ஒரு ராத்திரி பயணி விவரம் வரைக்கும் டைப் பண்ணிட்டேன். ஸ்காலர்ஷிப்பைத் திருப்பிக் கொடுக்கணுமே என்ற பயம்தான் அன்னிக்கு நிறுத்தினது.

எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு ட்யூட்டர்னு ஒரு உள்ளூர் சீனியர் இருப்பாங்க. என்னுடையவர் அதிகம் பேசாத மனுஷன். ரெண்டு மெசேஜுக்கு நான் பதில் போடலைன்னதும் நேரா வந்து கதவைத் தட்டினார். உள்ளே பார்த்தார். ‘சாயங்காலம் நம்ம பில்டிங் சவுனாவில் எங்க டர்ன், வா’ன்னார். மாணவர் குடியிருப்பிலேயே பொது சவுனா இருக்கும், முறை வெச்சுப் போவாங்க. அம்பத்தஞ்சு லட்சம் பேர் இருக்கும் நாட்டில் சவுனா முப்பது லட்சம் வரை இருக்கும்னு சொல்றாங்க. போனேன். 80 டிகிரி சூட்டில் உட்கார்ந்து, கல் மேல தண்ணீர் ஊத்தினா ஆவி முகத்தில் அறையும். அதுக்கு ‘லோய்லு’ன்னு தனிப் பேரே இருக்கு. அங்கே யாரும் யாரையும் பேசச் சொல்றதில்லை. முக்கால் மணி நேரம் கழிச்சு நானா சொன்னேன், தூங்க முடியலைன்னு. ‘எனக்கும் முதல் வருஷம் அப்படித்தான்’னார். அவர் ஹெல்சின்கிக்காரர்! ஹெல்சின்கியில் அந்த நாட்களில் பகல் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் இருக்குமாம்; அவருக்கே ஓவ்லு இருட்டு.

அடுத்த நாள் மாணவர் சுகாதார மையத்துக்கு அவரே கூட்டிக்கிட்டுப் போனார். அங்கே நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, ‘காலையில் எத்தனை மணிக்கு வெளிச்சத்தைப் பார்க்கிறாய்?’ எனக்குப் பதில் இல்லை.

அவங்க சொன்னதில் நான் பிடிச்சுக்கிட்டது ரெண்டு. ஒண்ணு, வெளிச்ச விளக்கு. சாதாரண ரூம் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். இந்த விளக்கு 10,000 லக்ஸ். எழுந்த உடனே அரை மணி நேரம் பக்கத்தில் வெச்சுக்கணும், நேரா முறைச்சுப் பார்க்க வேண்டாம். கண்ணில் கோளாறோ, பைபோலார் மாதிரி பிரச்சனையோ இருக்கறவங்க டாக்டரைக் கேட்காம தொடக் கூடாது. இரண்டாவது, மதியச் சாப்பாடு. மாணவர் கேன்டீனில் அரசு மானியத்தில் சூடான சாப்பாடு கிடைக்கும், பதினோரு மணிக்கே ஆரம்பிச்சிடுவாங்க. அங்கே நடந்து போகணும், ஆள் கூட உட்கார்ந்து சாப்பிடணும். அதாவது இருக்கும் கொஞ்சப் பகலையும் வெளியே செலவு பண்ணணும்.

திட்டம் சரி. என்னை யார் எழுப்பறது? அன்னிக்குத்தான் அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். ‘கிளம்பி வந்துடுப்பா’ன்னு சொல்வாங்கன்னு பயந்தேன், சொல்லணும்னும் உள்ளுக்குள்ளே ஆசை. அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டாங்க: ‘அங்க காலையில ஒன்பது மணின்னா இங்க எத்தனை?’ குளிர்காலத்தில் மூன்றரை மணி நேர வித்தியாசம்மா, பன்னண்டரை. ‘சமையல் முடிஞ்சிருக்கும். நான் கூப்பிடறேன்.’

மறுநாளிலிருந்து தினமும் ஒன்பதுக்கு ஃபோன். எடுக்கிற வரை விட மாட்டாங்க. ‘லைட்டைப் போட்டியா? காட்டு.’ வீடியோவில் விளக்கைக் காட்டணும். முகம் வெள்ளை அடிச்ச சுவர் மாதிரி இருக்குன்னு ஒரே புகார். இரண்டு வாரத்தில் தூக்கம் பன்னிரண்டு மணிக்கு வந்தது. விளக்கா, கேன்டீனா, அம்மாவா, எது வேலை செஞ்சதுன்னு தனித்தனியா டெஸ்ட் பண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜனவரி முதல் வாரம் மெக்சிகோ நண்பன் ஒருத்தனோட இனாரிக்குப் போனேன். ரோவானியெமி வரை ரயில், பிறகு பஸ். ஆர்க்டிக் வட்டத்துக்கு ரொம்ப மேலே. அங்கே அப்போ சூரியன் உதிக்கவே உதிக்காது, ‘காமோஸ்’ காலம். கும்மிருட்டுன்னு நினைச்சுப் போனேன். ஆனா நடுப்பகலைச் சுற்றி சில மணி நேரம் ஊரே நீலமா இருந்தது. சூரியன் அடிவானத்துக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கு. அந்த வெளிச்சம் வளிமண்டலத்தில் நீண்ட தூரம் சாய்ந்து வரும்போது ஓசோன் மஞ்சளையும் சிவப்பையும் விழுங்கிடும். தெற்கே மட்டும் ஒரு ஆரஞ்சுக் கோடு.

ராத்திரி உறைந்த ஏரி மேல நடந்து போய் அரோரா பார்த்தோம். நூறு கிலோமீட்டர் உயரத்துக்கு மேல ஆக்சிஜன் உமிழும் பச்சை. ஒரு உண்மை சொல்றேன், மங்கலா இருக்கும்போது கண்ணுக்கு அது சாம்பல் மேகம் மாதிரிதான் தெரியும், கேமராதான் பச்சையைக் காட்டும். பத்து நிமிஷம் படம் எடுத்தேன். மைனஸ் 28. பேட்டரி 46 சதவீதம் காட்டிக்கிட்டே ஃபோன் அணைஞ்சது. நண்பனுடையது அதுக்கு முன்னாடியே போயாச்சு. மேப், கேபின் கதவின் நம்பர் எல்லாம் உள்ளே.

பேட்டரி தீர்ந்துபோகலை. குளிரில் லித்தியம் அயனிகள் நகர்வது மந்தமாகி, உள்மின்தடை ஏறும். கேமரா மாதிரி அதிக கரன்ட் கேட்கும்போது வோல்டேஜ் சட்டென்று விழும். ஃபோன் தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சிடும். இது எனக்குப் பரீட்சைக்குத் தெரியும். ஏரி நடுவில் நினைவுக்கு வரலை. கை நடுங்கிக்கிட்டு பவர் பட்டனையே அமுக்கிக்கிட்டிருந்தேன். நண்பன்தான் ஃபோனைப் பிடுங்கி என் அக்குளில் திணிச்சான். வந்த காலடித் தடத்தைப் பிடிச்சுத் திரும்பி நடந்தோம். காற்று அடிச்சிருந்தா தடம் மூடியிருக்கும். கரை ஏறினப்போ ஃபோன் 31 சதவீதத்தில் உயிர் வந்தது.

அதனால் தம்பி, ஃபோன் உள்பாக்கெட்டில், கதவு நம்பர் ஒரு துண்டுக் காகிதத்தில். உறைந்த ஃபோனை உடனே சார்ஜ் போடாதீங்க, ரூம் சூட்டுக்கு வந்த பிறகுதான். இல்லைன்னா உள்ளே லித்தியம் உலோகமா படிஞ்சு பேட்டரி கெட்டுடும். விளக்கை அக்டோபரிலேயே வாங்கிடுங்க. ட்யூட்டர் மெசேஜ் போட்டா பதில் போடுங்க.

அம்மா இப்பவும் மதியம் பன்னண்டரைக்கு ஃபோன் பண்றாங்க. நான் அப்போ ஆபீஸ் ஸ்டாண்ட்-அப்ல இருப்பேன்னு பல தடவை சொல்லியாச்சு. தம்பி கேட்ட மிச்சக் கேள்வி, ரெசிடென்ஸ் பர்மிட் பேப்பர் விஷயம், அடுத்த எபிசோடில்.