பேச்சைக் காக்கும் வரைபடம்

மருத்துவரின் அறையில் ஒரு குடும்பம் அமர்ந்திருக்கிறது. குடும்பத் தலைவரின் மூளையில், இடப் பக்கத்தில், ஒரு கட்டி. அறுவை செய்து அகற்றியாக வேண்டும் என்கிறார் மருத்துவர். "உயிருக்கு ஆபத்தில்லையே?" என்று மனைவி கேட்கிறார். மகனோ சற்றுத் தயங்கி, "வாப்பா முன்போல் பேசுவார்களா?" என்று கேட்கிறான்.

மருத்துவர் உடனே விடை சொல்லவில்லை. மாறாக, அவரே கேள்விகள் கேட்கிறார். "இவர் எந்தக் கைப் பழக்கமுள்ளவர்? வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்? சிறு வயதில் வலிப்பு வந்ததுண்டா?" பிறகு இன்னொரு ஸ்கேனுக்குச் சீட்டு எழுதித் தருகிறார். 'கட்டி இருப்பதுதான் முதல் ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டதே, மீண்டும் எதற்கு?' என்று குடும்பத்தார் மனத்திற்குள் குமைகின்றனர்.

இத்தகைய நிலை எவர் வீட்டு வாசலுக்கும் வரக்கூடும். ஆகவே அந்த இரண்டாவது ஸ்கேன் எதற்கு, அதில் நமது பங்கு என்ன என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

பாரிஸ் நகரத்து நோயாளி

பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிஸை அடுத்த பீசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்ற மனிதர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கியிருந்தார். பிறர் பேசுவது அவருக்கு விளங்கும். சைகையால் பதிலும் சொல்வார். ஆனால் வாயைத் திறந்தால் 'தான்' என்ற ஓரசை மட்டுமே வரும். 1861-ஆம் ஆண்டு அவர் காலமானபின், பால் புரோக்கா என்ற மருத்துவர் அவரது மூளையை ஆராய்ந்து, இடப் பாதியின் முன்பகுதியில் ஓரிடம் சிதைந்திருப்பதைக் கண்டார். 1874-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, அதற்குப் பின்புறத்தே இன்னோர் இடத்தைச் சுட்டிக் காட்டினார். அவ்விடம் கெட்டால் நாவு சரளமாக ஓடும்; ஆனால் பேச்சில் பொருள் இராது, பிறர் சொல்வதும் விளங்காது.

பாடநூல்கள் இவ்விரு இடங்களையும் படத்தில் குறித்து வைத்தன. ஆனால் அறுவைக் கத்தியை எடுப்பவருக்குப் பாடநூல் படம் போதாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜார்ஜ் ஓஜிமன் என்ற அறுவை மருத்துவர் 117 நோயாளிகளின் மூளையில் நேரடியாகச் சோதித்து, 1989-இல் தமது முடிவுகளை வெளியிட்டார். பேச்சுக்கு இன்றியமையாத இடங்கள் ஒருவருக்கு இருப்பதுபோல் மற்றவருக்கு இருப்பதில்லை. முகத்துக்கு முகம் சாயல் வேறுபடுவதுபோல் மூளைக்கு மூளை மொழியின் இருப்பிடமும் வேறுபடுகிறது என்பதை அவரது ஆய்வு நிறுவியது. ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் அவருக்கே உரிய வரைபடம் ஒன்று தேவைப்படுகிறது.

பாதி மூளையை உறங்க வைத்த முறை

அந்த வரைபடத்தை எவ்வாறு பெறுவது? ஜப்பானிய மருத்துவர் ஜூன் வாடா 1949-இல் ஒரு வழி கண்டார். கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் பெரிய குருதிக்குழாயில் மயக்க மருந்தைச் செலுத்தினால், அந்தப் பக்கத்து மூளை மட்டும் சில நிமிடங்கள் செயலற்றுப் போகும். அந்நேரத்தில் நோயாளியிடம் ஒரு பொருளைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். பேச்சு நின்றுவிட்டால், மொழியின் ஆட்சி அந்தப் பாதியில் என்று பொருள்.

பயனுள்ள சோதனைதான். ஆயினும் குருதிக்குழாய்க்குள் கருவியைச் செலுத்துவதால், அரிதாகப் பக்கவாதம் போன்ற கேடுகள் நேர்வதுண்டு. மேலும், எந்தப் பாதி என்று அது சொல்லுமேயன்றி, அப்பாதியில் எந்த இடம் என்று சொல்லாது.

குருதி சொல்லும் சேதி

இங்கேதான் அந்த இரண்டாவது ஸ்கேன் வருகிறது. ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. என்பது அதன் பெயர். சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் உருவத்தைக் காட்டும். இதுவோ மூளை வேலை செய்வதைக் காட்டும். கருவி இரண்டுக்கும் ஒன்றே. எடுக்கும் முறைதான் வேறு.

இதன் அடிப்படை வியப்புக்குரியது. பிராணவாயுவைச் சுமந்த குருதிக்கும், அதை இறக்கிவிட்ட குருதிக்கும் காந்தப் பண்பு வேறுபடும். 1936-லேயே அறியப்பட்ட இவ்வுண்மையை 1990-இல் செய்ஜி ஒகாவா என்ற அறிவியலார் மூளையைப் படம் பிடிக்கப் பயன்படுத்திக் காட்டினார். 1992-இல் மனிதர்களிடமும் இது நடைமுறைக்கு வந்தது. மூளையின் ஓரிடம் உழைக்கத் தொடங்கியதும், அங்கே தேவைக்கும் அதிகமாகவே புதுக்குருதி பாய்கிறது. வீட்டில் விருந்தினர் நால்வர் என்றால் பத்துப் பேருக்குச் சமைப்பதில்லையா, அதுபோல! அந்த மிகுதியைத்தான் கருவி உணர்கிறது. மாற்றம் நூற்றுக்குச் சில பங்கு மட்டுமே. அதுவும் உச்சத்தை எட்ட ஐந்தாறு வினாடிகள் ஆகும். ஆகவேதான் ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள்.

நோயாளி கருவிக்குள் அசையாமல் படுத்திருப்பார். ஒரு பொருளின் பெயர் காட்டப்படும். அதற்குரிய வினையை அவர் மனத்திற்குள் எண்ண வேண்டும். 'கத்தி' என்றால் 'வெட்டு'. 'பந்து' என்றால் 'எறி'. அரை நிமிடம் பயிற்சி, அரை நிமிடம் ஓய்வு என்று மாறி மாறி நடக்கும். பயிற்சியின்போது எடுத்த படத்தையும் ஓய்வின்போது எடுத்ததையும் கணினி ஒப்பிட்டு, வேறுபாடு மிக்க இடங்களுக்கு வண்ணம் தீட்டும். இதில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் கருவி பெருத்த ஓசை எழுப்பும். உடலில் உலோகப் பொருள் பொருத்தப்பட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

படத்தின் எல்லை

அருமை வாசகர்களே! வண்ணப் படத்தைக் கண்டதும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. அந்த வண்ணம் மூளையின் நிறமன்று, கணக்கின் முடிவு. கணக்கின் வரம்பைச் சற்றுக் கூட்டினால் வண்ணப் பரப்பு சுருங்கும், குறைத்தால் விரியும். பேச்சுக்கு உதவியாக நிற்கும் இடமும், இல்லாமல் முடியாத இடமும் படத்தில் ஒன்றுபோலவே ஒளிரும். கட்டியை ஒட்டிய பகுதியிலோ, குருதியோட்டம் தாறுமாறாகிவிடுவதால், உழைக்கின்ற இடமே ஒளிராமல் போவதும் உண்டு. வண்ணம் இல்லாத இடமெல்லாம் வெட்டத் தக்க இடம் அன்று!

2007-இல் ஆய்வாளர்கள், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த லெபோர்ஞ்சின் மூளையையே எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்த்தனர். புரோக்கா மேற்பரப்பில் கண்ட சிதைவு உள்ளே வெகு ஆழம் சென்று, மொழிப் பகுதிகளை இணைக்கும் நரம்பு இழைகளையும் அழித்திருந்தது. இடத்தைக் காத்தால் மட்டும் போதாது, இடங்களை இணைக்கும் பாதையையும் காக்க வேண்டும் என்பதை அது உணர்த்திற்று. அவ்விழைகளைக் காட்டும் தனிப்பட்ட எம்.ஆர்.ஐ. முறையும் இன்று உண்டு.

இக்காரணங்களால், கட்டி மொழிப் பகுதியை ஒட்டியிருந்தால், நோயாளியை விழித்திருக்கச் செய்தே அறுவை நடத்துவதும் வழக்கம். கேட்க அச்சமாக இருக்கும். ஆனால் மூளைத் திசுவுக்கு வலியுணர்வு கிடையாது. தலைத்தோலை மரத்துப் போகச் செய்தால் போதும். கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு இம்முறையைச் செப்பனிட்டு வளர்த்தார். நோயாளி படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டிருக்க, மருத்துவர் மெல்லிய மின்சாரத்தால் ஓரிடத்தைத் தொடுவார். பேச்சு தடைப்பட்டால் அவ்விடம் தீண்டலாகாதது. ஸ்கேன் படம் எங்கே தேடுவது என்று வழிகாட்டும். தீர்ப்பைச் சொல்வது இந்தச் சோதனையே.

வலிப்பு நோய்க்கான அறுவையில் நிலை சற்று வேறு. மொழி எந்தப் பாதியில் என்று அறிய, பல நோயாளிகளுக்கு வாடா சோதனைக்குப் பதிலாக ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.யைக் கொள்ளலாம் என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2017-இல் வழிகாட்டியது. பொட்டுப் பகுதிக் கட்டிகளைப் பொறுத்தவரை போதிய சான்று இல்லை என்றும் அதே அறிக்கை கூறிற்று.

நாம் சொல்ல வேண்டியவை

இனி, மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கு வருவோம்.

முதலாவது, கை. வலக்கையரில் நூற்றுக்கு 96 பேருக்கு மொழி மூளையின் இடப் பாதியில். இடக்கையரில் அவ்வாறு 70 பேருக்கே. 15 பேருக்கு வலப் பாதியில், 15 பேருக்கு இரு பாதிகளிலும் என்று 1977-இல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். மதரஸாவில் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்குபவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். உண்ணவும் எழுதவும் வலக்கையையே பயன்படுத்த வேண்டும் என்று நம் வீடுகளில் சிறு வயதிலேயே திருத்திவிடுகிறோம். நாற்பது ஆண்டு கழித்து மருத்துவர் கேட்கையில், "வலக்கைதான்" என்று சொல்லிவிடுகிறோம். அது பொய்யன்று; முழு உண்மையுமன்று. கையை நாம் மாற்றியதால் மூளையும் மாறிவிட்டது என்று கொள்ள வேண்டா. "பிறவியில் இடக்கை, பிறகு மாற்றினோம்" என்று சொல்லிவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டுமே தெரிந்த சேதியாகவும் அது இருக்கலாம்; கேட்டறிந்து சொல்லுங்கள்.

இரண்டாவது, குழந்தைப் பருவத்து நோய்கள். சின்னஞ்சிறு வயதில் மூளையின் இடப் பாதி பாதிக்கப்பட்டிருந்தால், மொழி வலப் பாதிக்குக் குடிபெயர்ந்திருக்கக் கூடும்.

மூன்றாவது, மொழி. இரு மொழி பேசுவோரிடம் சில இடங்கள் இரண்டுக்கும் பொதுவாகவும், சில இடங்கள் ஒரு மொழிக்கு மட்டும் உரியனவாகவும் இருப்பதை ஓஜிமனும் அவர் குழுவினரும் கண்டனர். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம்; சில குடும்பங்களில் உருது. அன்றாட வாழ்வுக்கு எந்த மொழி தேவையோ, அதிலேயே சோதனை நடக்கவேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். "வாப்பா சூராக்களைத் தடையின்றி ஓதுகிறார்கள், பேச்சுக்கு ஒரு குறையுமில்லை" என்று நாம் ஆறுதல் கொள்வோம். மனனமாக உள்ளதை ஒப்பிப்பது வேறு. நினைத்ததைச் சொல்லாக்குவது வேறு. சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க இயலாதவரும் மனனமானதை ஓதிவிடுவதுண்டு. பொருளின் பெயர் சொல்லத் திணறுகிறாரா, ஒரு சொல்லுக்கு மற்றொன்றைச் சொல்கிறாரா என்பதைக் கவனித்து, மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

"மீண்டும் எதற்கு ஸ்கேன்?" என்று குமைந்த அந்தக் குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "இந்தப் படம் எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை? மீதியை எப்படி அறியப் போகிறீர்கள்?" அறுவைக்கு ஒப்பமிடுமுன் இதைக் கேளுங்கள். கத்தி மருத்துவர் கையில். ஆனால் அவர் முன்னே விரிக்கப்படும் வரைபடத்தில் சில கோடுகளை, வீட்டார் சொல்லும் உண்மைகளே வரைகின்றன.