ஜுரம் ஒன்றுதான், மருந்து ஒன்றல்ல!

புதுச்சேரி நகருக்கு வடக்கே, விமான நிலையத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பரந்து கிடக்கிறது லாஸ்பேட்டை. லா என்ற பிரெஞ்சுக் கவர்னரின் பெயர் ஒட்டிக்கொண்ட ஊர் என்பார்கள். கல்லூரிகளும் பள்ளிக்கூடங்களும் குடியிருப்புகளும் நெருங்கி வளர்ந்துவிட்டாலும், மழை விட்டதும் காலி மனைகளில் புல்லும் புதரும் மண்டுவது இன்றும் உண்டு. புதர் இருந்தால் எலி வரும். எலி வந்தால் அதன் மேல் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் வரும்.

மார்கழி மாதம். அந்தப் பக்கத்துக் குடும்பத் தலைவி ஒருவருக்கு ஜுரம் என்று வைத்துக்கொள்வோம். தலைவலி மண்டையைப் பிளக்கிறது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி. "போன மாசம் எனக்கு வந்தப்போ இதுதாங்க்கா கேட்டுச்சு" என்று அடுத்த வீட்டுப் பெண் மிச்சமிருந்த மாத்திரை அட்டையைக் கொடுக்கிறாள். அது அமாக்சிசிலின், பெனிசிலின் குடும்பத்துப் பிள்ளை. நல்ல மருந்துதான். ஆனால் ஐந்து நாள் ஆகியும் ஜுரம் இறங்கவில்லை. இருமலும் மூச்சு வாங்குவதும் சேர்ந்துகொள்கின்றன. பயந்துபோய்ப் பக்கத்திலேயே கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள். டாக்டரம்மா முதலில் செய்கிற காரியம் என்ன தெரியுமா? அக்குள், இடுப்பு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடங்களைச் சோதிக்கிறார். சிகரெட் நெருப்பால் சுட்டாற்போல் கறுத்த பொருக்கு ஒன்று அங்கே இருக்கிறது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. ஆகவே நோயாளிக்கே அது தெரியாது.

இதுதான் உண்ணிக் காய்ச்சல். டாக்டர்கள் ஸ்கிரப் டைபஸ் என்பார்கள். மழைக்குப் பிந்திய குளிர் மாதங்களில் புதுச்சேரி வட்டாரத்து மருத்துவர்களுக்கு இது பழகிப்போன நோய். டாக்சிசைக்ளின் என்ற மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் ஜுரம் விட்டுவிடுகிறது. கொடுக்காமல் நாளைக் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகத் தாக்கி உயிரையே வாங்கிவிடும். அமாக்சிசிலினை இன்னும் பத்து நாள் விழுங்கியிருந்தாலும் பயன் இல்லை. ஏன்?

சுவரும் பட்டறையும்

பாக்டீரியா என்னும் கிருமியை ஒரு சிறு தொழிற்சாலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மதில் சுவர். உள்ளே புரதம் தயாரிக்கும் பட்டறை. நடுவே பரம்பரைச் சரடு. பெனிசிலினும் அதன் உறவினர்களான செஃபலோஸ்போரின் வகைகளும் மதில் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பவை. சுவர் இடிந்தால் கிருமி வெடித்துச் சாகும். மனித உயிரணுவுக்கு அப்படிப்பட்ட சுவரே கிடையாது என்பதால் நமக்குச் சேதம் குறைவு. டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின், அசித்ரோமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் முதலியவை பட்டறையை மூடுகிறவை. சிப்ரோஃபிளாக்சசின் வகையறா சரடைச் சிக்கலாக்குகிறவை.

உண்ணிக் காய்ச்சல் கிருமிக்கோ சுவர் என்பது பெயரளவுக்குத்தான். போதாததற்கு அது நம்முடைய உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்கிறது. சுவர் இடிக்கும் ஆளை அங்கே அனுப்பி என்ன லாபம்? பட்டறையை மூடும் மருந்துதான் வேண்டும். சளி, ஃபுளு, டெங்கு ஆகியவை வைரஸ் நோய்கள். அங்கே சுவரும் இல்லை, பட்டறையும் இல்லை. ஆகவே இந்த மருந்துகளில் எதுவுமே அவற்றைத் தொடாது.

பெனிசிலினைப் பற்றிப் பேசினால் பிளெமிங்கின் பெயர்தான் எல்லோர் வாயிலும் வரும். 1928-ல் அவர் பூஞ்சையைப் பார்ப்பதற்கு முப்பது வருஷம் முன்பே, 1897-ல், எர்னெஸ்ட் துஷேன் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவ மாணவர் பூஞ்சைக்கும் கிருமிக்கும் நடக்கும் சண்டையைப் பற்றி லியோன் நகரில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருந்தார். பாரிஸ் பாஸ்டர் நிலையத்துக்கும் அனுப்பினார். யாரும் கவனிக்கவில்லை. 1912-ல் அவர் காசநோயால் இறந்தார். பிரெஞ்சுக் கொடி பறந்த ஊரில் இருப்பவர்களாவது அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்!

பெனிசிலினின் பெரிய அபாயம் ஒவ்வாமை. சிலருக்குத் தடிப்போடு போய்விடும். மிகச் சிலருக்குத் தொண்டை வீங்கி, ரத்த அழுத்தம் விழுந்து, நிமிஷங்களில் உயிர் ஊசலாடும். ஊசி போடுமுன் டாக்டர் கேட்கும் கேள்வி இதனால்தான். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. "எனக்குப் பெனிசிலின் ஆகாது" என்று சொல்கிறவர்களைப் பரிசோதித்துப் பார்த்தால், பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் ஒவ்வாமை இருப்பதில்லை என்று மேல்நாட்டு ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. வீணாக ஒரு நல்ல மருந்தை ஒதுக்கிவிட்டு, அதைவிடக் கடுமையான மருந்துக்குப் போகிறார்கள்.

சென்னையில் படித்தவர்

உண்ணிக் காய்ச்சலைத் தீர்க்கும் டாக்சிசைக்ளினின் பாட்டனார் ஆரியோமைசின். 1948-ல் அது வெளிவந்தபோது அமெரிக்காவின் லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைமை வகித்தவர் எல்லாபிரகத சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மண்ணில் அந்த நுண்ணுயிரைக் கண்டெடுத்தவர், அவரிடம் வேலை பார்த்த டக்கர் என்ற வயோதிகத் தாவர நூல் அறிஞர். அதே வருஷம் சுப்பாராவ் காலமானார்.

டெட்ராசைக்ளின் வகைக்கும் குணக்கேடுகள் உண்டு. வளரும் பல்லில் போய்ப் படிந்து மஞ்சளாக்கும். எனவே சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. (டாக்சிசைக்ளினைச் சில நாள் மட்டும் கொடுத்தால் பல் கறைபடுவதில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஆகவே உண்ணிக் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு டாக்டர்கள் தயங்காமல் கொடுக்கிறார்கள், கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின்.) மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும். பால், இரும்புச் சத்து மாத்திரை இவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து வயிற்றிலேயே கட்டுப்பட்டுப் போகும். வெயிலில் தோல் எளிதில் கன்றும். புதுச்சேரி வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உண்ணிக் காய்ச்சலுக்கு முதலில் கைகொடுத்தது குளோராம்பெனிகால். 1948-ல் மலேயாவில் அதைப் பரீட்சித்தபோதே டைபாய்டையும் அது குணப்படுத்துவது தெரியவந்தது. அதற்குப் பிறகு நம் நாட்டில் டைபாய்டு என்றால் குளோராம்பெனிகால் என்று ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது; ஆனால் எங்கோ அபூர்வமாக ஒருவரின் எலும்பு மஜ்ஜையை அடியோடு வற்றச் செய்துவிடும். அப்படி ஆனால் ரத்தம் ஊறுவதே நின்றுபோகும். கண்டபடி உபயோகித்ததன் விளைவு 1972-ல் கோழிக்கோட்டில் தெரிந்தது. அந்த மருந்துக்கு மசியாத டைபாய்டு அங்கே பரவியது. பிறகு சிப்ரோஃபிளாக்சசின் வந்தது. கொஞ்ச காலத்தில் அதற்கும் கிருமி பழகிக்கொண்டது. இப்போது டைபாய்டுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் அசித்ரோமைசினும்தான் கை கொடுக்கின்றன. ஒரே நோய்க்கு மருந்து மாறி மாறி வந்த கதை இது.

சிப்ரோஃபிளாக்சசின் வகையைச் சாதாரண வயிற்றுப்போக்குக்குக்கூட வாங்கி விழுங்குகிற வழக்கம் பரவியிருக்கிறது. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் வீங்கி அறுந்துபோவது, கை கால் மரத்துப்போவது, நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்குவது எல்லாம் இதன் குணக்கேடுகள். வயோதிகர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வயிற்றுக்குக் கொடுக்கும் மெட்ரானிடசோலோடு மது கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. புதுச்சேரியில் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்வது நல்லது.

சேத்துப்பட்டு காட்டிய வழி

1943-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், காசநோயை முதன்முதலில் மடக்கிய மருந்து. ஆனால் காதின் உட்பகுதியைத் தாக்கும். சிலருக்குத் தலைசுற்றல், சிலருக்குத் திரும்பி வராத செவிடு. இதன் உறவினர்களான ஜென்டாமைசின், அமிகாசினுக்கும் காதும் சிறுநீரகமுமே குறி. அதைவிடப் பெரிய சங்கடம் வேறு: தனியாகக் கொடுத்தால் சில மாதங்களில் கிருமி தப்பித்துக்கொண்டது. இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பிய கிருமி இன்னொன்றிடம் மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்தது.

ஆனால் ஏழைக்குச் சானடோரியத்தில் இடம் கிடைக்குமா? 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. 193 நோயாளிகளைப் பிரித்துப் பாதிப் பேருக்குச் சானடோரியத்திலும், பாதிப் பேருக்கு வீட்டிலும் ஒரு வருஷம் ஒரே மருந்துகள் கொடுத்தார்கள். சானடோரியத்தில் பாலும் முட்டையும் ஓய்வும். வீட்டில் நெரிசலும் அரைவயிறும். 1959-ல் முடிவு வெளிவந்தது. குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை! வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியானதற்கு இந்தச் சென்னை ஆராய்ச்சி ஒரு முக்கிய காரணம்.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை. அதில் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கருத்தடை மாத்திரையின் பலனை அது குறைத்துவிடும் என்பதைப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐசோனியசிட் கால் மரத்துப்போகச் செய்யலாம். பி6 வைட்டமின் அதைத் தடுக்கும். எத்தாம்புட்டால் சாப்பிடும்போது பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் போனாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கண் மஞ்சளானால் கல்லீரல் தாங்கவில்லை என்று பொருள். தானாக மாத்திரையை நிறுத்துகிறவர்களில் பலர் இவற்றைக் கண்டு பயந்து நிறுத்துகிறவர்கள்தான்.

கையில் மிச்சமிருப்பது

எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிக்குக் கடைசி ஆயுதமாகப் பெரிய ஆஸ்பத்திரிகள் வைத்திருப்பது கார்பாபெனெம் ஊசிகள். 2010-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் கூட்டாளிகளும் அந்த ஊசியையே அரித்துத் தின்னும் என்.டி.எம்.-1 என்ற நொதியைப் பற்றி லான்செட் குழுமப் பத்திரிகையில் எழுதினார்கள். சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அது இருந்தது. பெயரில் உள்ள 'என்.டி.' புது டில்லியைக் குறித்ததால் நாட்டில் கோபம் கிளம்பியது. பெயரைப் பற்றிப் பேசிய அளவுக்குக் கிருமியைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் வேதனை. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம், மருந்துக் கடை விற்பனையைக் கட்டுப்படுத்தும்படி கேட்டது. கார்பாபெனெமும் கைவிட்டால் மிஞ்சுவது கோலிஸ்டின் என்ற பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுப்பதால் ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்தது. அதையே கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள்! 2019-ல் மத்திய அரசு அதைத் தடை செய்தது.

2014 மார்ச் 1 முதல் ஹெச்-1 அட்டவணை அமலில் இருக்கிறது. அதில் உள்ள 24 ஆன்டிபயாடிக் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வாங்கியவர் பெயரையும் எழுதிக் கொடுத்த டாக்டர் பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டோடு மட்டும் வாங்க வேண்டிய மருந்து. லாஸ்பேட்டை வீட்டு அலமாரியில் மிச்சமிருந்த அந்த அமாக்சிசிலின் அட்டையிலும் இந்தக் கோடு இருக்க வேண்டிய மருந்துதான்.

டாக்டரிடம் போகும்போது நோயாளி சொல்ல வேண்டியவை சில உண்டு. முன்பு எந்த மருந்துக்காவது தடிப்போ மூச்சுத் திணறலோ வந்ததா? கர்ப்பமா, பால் கொடுக்கும் தாயா? சிறுநீரகக் கோளாறு உண்டா? சர்க்கரைக்கோ இதயத்துக்கோ என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? இந்த ஜுரத்துக்கு ஏற்கெனவே என்ன விழுங்கினார்? கடைசிக் கேள்விக்குத்தான் பலர் வெட்கப்பட்டுப் பொய் சொல்கிறார்கள். காலி அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிடலாம். மழைக்காலத்துக்குப் பிறகு வந்த ஜுரமானால், வீட்டைச் சுற்றிப் புதர் இருக்கிறதா என்பதையும், உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.