நாற்பது வயதுக் கணினிக்குப் புதுக் கார்டு

ஆப்பிள் 2 கணினி உருவாகிக்கொண்டிருந்த நாட்களில் இரண்டு ஸ்டீவ்களுக்கும் நடுவே ஒரு தகராறு. கூடுதல் கார்டுகளைச் செருகுவதற்குக் கணினிக்குள் எத்தனை ஸ்லாட் வைப்பது என்பதுதான் விவகாரம். பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, மொத்தம் இரண்டு போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். எட்டு வேண்டும் என்றார் ஸ்டீவ் வாஸ்னியாக். இரண்டுதான் வேண்டுமென்றால் வேறு கணினியைத் தேடிக்கொள் என்று சொல்லும் அளவுக்குப் பிடிவாதமாக நின்றார். 1977-ல் ஆப்பிள் 2 எட்டு ஸ்லாட்டுகளோடுதான் வெளிவந்தது.

அந்தப் பிடிவாதத்தின் பலன் இன்னும் தீரவில்லை. ஆப்பிள் 2-வின் ஸ்லாட்டில் செருகி, அதன் படத்தை எச்.டி.எம்.ஐ. டிவியில் காட்டும் ‘விட்எச்டி’ என்ற கார்டு வந்திருக்கிறது. ‘யூதர்நெட் 2’ கார்டைப் போட்டால் இணையத் தொடர்பு கிடைக்கும். ஆப்பிள் 2-வின் பிராசஸர் ஓடுவது நொடிக்குப் பத்து லட்சம் துடிப்புகளில், அதாவது ஒரு மெகாஹெர்ட்ஸில். இணையத்தோடு பேசும் வேலையை அதன் தலையில் கட்டாமல் கார்டிலுள்ள சிப்பே பார்த்துக்கொள்கிறது.

முதலில் சாவது எது?

பழைய கணினிகளைப் பாதுகாப்பவர்களுக்கு அழகை விட அவசியம்தான் முக்கியம். நாற்பது ஆண்டு ஆன கணினியில் பிராசஸர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முதலில் போவது சுழலும் பாகங்கள்தான். 1983-ல் வந்த ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்டி-யில் இருந்த ஹார்டு டிஸ்க்கின் கொள்ளளவு 10 மெகாபைட். இன்றைய கைபேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்கு அது காணாது. அந்த டிஸ்க்குகளில் இன்றும் ஓடுபவை குறைவு. ஃபிளாப்பிகளின் காந்தப் பூச்சும் உதிர்கிறது. அதே பாகத்தைப் புதிதாக வாங்கலாம் என்றால், தயாரிப்பவர் யாருமில்லை.

இந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் ‘எக்ஸ்டி-ஐடிஇ’ கார்டு. எந்தப் பெரிய நிறுவனமும் இதைச் செய்யவில்லை. ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து வடிவமைத்து, வரைபடத்தைப் பொதுவில் வைத்தார்கள். கேமராக்களில் போடும், 1994-ல் அறிமுகமான காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டைக்கு ஒரு குணம் உண்டு: அது ஐடிஇ வகை ஹார்டு டிஸ்க் போலவே நடந்துகொள்ளும். எக்ஸ்டி-ஐடிஇ கார்டில் அந்த அட்டையைப் பொருத்திவிட்டால், சத்தமே போடாத ஹார்டு டிஸ்க் தயார். கழற்றி, கார்டு ரீடர் வழியாக இன்றைய லேப்டாப்பில் செருகிக் கோப்புகளை ஏற்றவும் முடியும்.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருந்தது. ஐடிஇ ஒரே வீச்சில் 16 பிட் தரவைத் தரும். எக்ஸ்டி-யின் ஸ்லாட்டோ 8 பிட்டைத்தான் வாங்கும். எனவே கார்டு பாதியைக் கொடுத்துவிட்டு, மறுபாதியை ஒரு சிறிய சிப்பில் பிடித்து வைத்திருந்து அடுத்த முறை கொடுக்கிறது. 32 ஜி.பி. அட்டையைப் போட்டாலும் டாஸ் 6.22 ஒரு பார்ட்டிஷனுக்கு 2 ஜி.பி.க்கு மேல் ஏற்காது. டாஸ் 3.3-க்கு எல்லை வெறும் 32 எம்.பி. அந்தக் காலத்து மென்பொருட்களுக்கு அதுவே தாராளம்.

கணினிக்கு எப்படித் தெரியும்?

1982-ல் எழுதப்பட்ட ஒரு நிரல், பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த கார்டை எப்படி அடையாளம் காண்கிறது? ஐ.பி.எம். பொறியாளர்களின் முன்யோசனை இங்கேதான் தெரிகிறது. கணினியை ஆன் செய்ததும் பயாஸ் என்ற தொடக்க நிரல், நினைவகத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதியை 2 கிலோபைட் இடைவெளியில் தேடிக்கொண்டே போகும். எங்காவது ‘55 ஏஏ’ என்ற இரண்டு பைட்டுகள் அடுத்தடுத்து இருந்தால், அங்கே ஒரு கார்டின் நிரல் இருக்கிறது என்று புரிந்துகொண்டு அதை இயக்கும். அந்த இரண்டு பைட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு, பயாஸின் சரிபார்ப்பிலும் தேறினால், யார் வந்தாலும் அனுமதி உண்டு.

ஆனால் 1981-ல் வந்த முதல் பி.சி.க்களின் பயாஸில் இந்த வசதி கிடையாது. 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸில்தான் அது சேர்ந்தது. இன்று ஐ.பி.எம். 5150 என்ற அந்த முதல் பி.சி.யை வாங்கும் ஆர்வலர்கள் முதலில் பார்ப்பது பயாஸ் தேதியை. பழையது என்றால் அந்த ரோம் சிப்பை மாற்றாமல் எக்ஸ்டி-ஐடிஇ கார்டிலிருந்து கணினியைத் தொடங்க முடியாது.

கணினியை விடக் கெட்டிக்காரக் கார்டு

ஒலிக் கார்டுகளின் கதை இன்னும் சுவையானது. 1992-ல் கனடாவின் அட்வான்ஸ்டு கிராவிஸ் நிறுவனம் ‘அல்ட்ராசவுண்ட்’ என்ற கார்டை விற்றது. ஒரே நேரத்தில் 32 ஒலிகளைக் கலந்து தரக்கூடியது. சவுண்ட் பிளாஸ்டர் கார்டின் ஆதிக்கத்துக்கு முன்னால் அது விற்பனையில் எடுபடவில்லை. அதனாலேயே இன்று அரிய பொருளாகி, விலையும் ஏறிவிட்டது.

அதற்கு மாற்றாக வந்திருப்பது ‘பிகோகஸ்’. இதன் மையத்தில் இருப்பது ராஸ்பெரி பை பிகோவில் உள்ள ஆர்பி2040 சிப். 2021-ல் பிகோ போர்டு வந்தபோது அதன் விலை 4 டாலர். பிகோகஸ் அல்ட்ராசவுண்டாகவும் நடிக்கும். ஒரு சிறிய டாஸ் நிரலை ஓட்டினால் ஆட்லிப், சவுண்ட் பிளாஸ்டர், டாண்டி என வேடம் மாற்றிக்கொள்ளும். ஐ.எஸ்.ஏ. எனப்படும் பழைய பி.சி. ஸ்லாட்டில் கணினி ஒரு கேள்வி கேட்டால், ஏறத்தாழ ஒரு மைக்ரோ நொடிக்குள், அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள், பதில் வந்தாக வேண்டும். ஆர்பி2040-க்குள் இப்படிப்பட்ட சமிக்ஞைகளைக் கவனிப்பதற்கென்றே தனிச் சிறு இயந்திரங்கள் இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது.

கணக்குப் பார்த்தால் வேடிக்கை. எக்ஸ்டி-யின் 8088 பிராசஸர் ஓடுவது 4.77 மெகாஹெர்ட்ஸில். அதற்குப் பாட்டுப் போட வந்த கார்டின் சிப்புக்கு அறிமுகத்தில் வகுத்த வேகமே 133 மெகாஹெர்ட்ஸ், அதுவும் இரண்டு கோர்களோடு. யானை மீது எறும்பு சவாரி செய்த காலம் போய், எறும்பின் மீது யானை ஏறியிருக்கிறது.

இங்கேதான் ஆர்வலர்களுக்குள் கருத்து வேறுபாடு. பழைய கணினி பழையதாகவே இருக்க வேண்டும் என்பவர்கள் ஒருபக்கம். ஓடாத கணினி வெறும் டப்பா என்பவர்கள் மறுபக்கம். அமிகா 500 கணினிக்கு வந்துள்ள ‘பைஸ்டார்ம்’ இந்த விவாதத்தை உச்சத்துக்கே கொண்டுபோனது. அது அமிகாவின் 68000 பிராசஸரையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ராஸ்பெரி பை ஒன்றை உட்காரவைக்கிறது. வேகம் பல மடங்கு கூடுகிறது. ஆனால் ஓடுவது அமிகாவா, ராஸ்பெரி பையா?

என் கணக்கில் கோடு தெளிவாக இருக்கிறது. கணினி கேட்பதைச் செய்து கொடுக்கும் கார்டு விருந்தாளி. கணினியின் சிந்தனையையே தன் வசம் எடுத்துக்கொள்ளும் கார்டு வீட்டுக்காரர். முதலாவது பாதுகாப்புப் பணி. இரண்டாவது புதிய கண்டுபிடிப்பு. இரண்டுமே மதிப்புக்குரியவைதான், பெயரைக் குழப்பிக்கொள்ளாதவரை.

கையால் செய்யக்கூடிய காலம்

இந்தக் கார்டுகளை வீட்டு மேஜையில் செய்ய முடிவது எப்படி? பழைய ஸ்லாட்டின் எளிமைதான் காரணம். 8 பிட் ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டில் 62 தொடர்புகள், ஒன்றுக்கொன்று 2.54 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டு அடுக்கு சர்க்யூட் போர்டும் சால்டரிங் அயனும் போதும். இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் முதல் தலைமுறையே ஒரு தடத்தில் நொடிக்கு 250 கோடி சமிக்ஞைகளைக் கடத்தியது. அந்த வேகத்தில் செம்புத் தடத்தின் நீளம் சற்றே மாறினாலும் கோளாறு.

இன்னொரு காரணம், திறந்த தகவல். ஐ.பி.எம். தன் பி.சி.யின் முழு மின்சுற்று வரைபடத்தையும் பயாஸ் நிரலையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டே விற்றது. 1987-ல் அதே ஐ.பி.எம். ‘மைக்ரோ சேனல்’ என்ற புதிய ஸ்லாட்டைக் கொண்டுவந்து, மற்றவர்கள் பயன்படுத்த உரிமத் தொகை கேட்டது. போட்டி நிறுவனங்கள் ஒன்பது சேர்ந்து மறு ஆண்டே வேறு வழி கண்டன. இன்று ஐ.எஸ்.ஏ.வுக்குப் புதுக் கார்டுகள் குவிகின்றன. மைக்ரோ சேனலுக்கு மிகச் சிலவே. ஆப்பிளும் 1984-ல் ஸ்லாட்டே இல்லாத மெக்கின்டாஷை விற்றுவிட்டு, மூன்றே ஆண்டில் மெக்கின்டாஷ் 2-ல் ஆறு ஸ்லாட்டுகளை வைத்தது. வாஸ்னியாக்கின் கட்சி வென்றது.

கை வைக்கும் முன்

ஆசைப்பட்டு உடனே கார்டைச் செருகிவிடக் கூடாது. ஐ.பி.எம். 5150-ன் பவர் சப்ளை மொத்தம் 63.5 வாட்தான். பழைய டாண்டலம் மின்தேக்கிகள் ஷார்ட் ஆகி வெடிப்பதுண்டு. முதல் முறை ஆன் செய்யும் முன் மல்டிமீட்டரால் பவர் வரிகளைச் சோதிப்பது நல்லது. பழைய ஸ்லாட் 5 வோல்ட், புதிய சிப் 3.3 வோல்ட், நடுவில் மாற்றித் தரும் சிப் இல்லாத மலிவுக் கார்டுகளைத் தவிர்க்க வேண்டும். எக்ஸ்டி-யின் எட்டாவது ஸ்லாட் மற்றவற்றைப் போல நடந்துகொள்ளாது. அதில் எல்லாக் கார்டும் வேலை செய்யாது. இரண்டு கார்டுகள் ஒரே முகவரியைக் கேட்டால் இரண்டுமே முரண்டு பிடிக்கும். கார்டிலுள்ள ஜம்பர் என்ற சிறு இணைப்பை மாற்றித்தான் சமாதானம் செய்ய வேண்டும்.

கடைசியாக, பரணில் பழைய 286, 386, 486 கணினி ஏதும் கிடந்தால் காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். மதர்போர்டில் சிறு பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி இருந்தால் அதை முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள். அதிலிருந்து கசியும் காரம் போர்டின் தடங்களை அரித்துவிடும். பேட்டரி போனால் கணினி தேதியையும் அமைப்புகளையும் மறக்கும், அவ்வளவுதான். அதற்கு மாற்று உண்டு. அரித்துப்போன போர்டைக் காப்பாற்றுவதுதான் கடினம். ஸ்லாட்டுகள் நன்றாக இருக்கும்வரை அந்தக் கணினிக்கு வேலை மிச்சம் இருக்கிறது.