பூசணத்திற்குள் ஒரு மரபணு

இரண்டு மூன்று நாள் வைத்த ரொட்டித் துண்டின்மீது மெல்லிய இழைகள் படர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பூசணம் பிடித்துவிட்டதென்று அதனை எறிந்துவிடுகிறோம். ரொட்டியில் வளரும் இத்தகைய இழைப்பூசணங்களுள் ஒன்றாகிய நியூரோஸ்போரா கிராசா, மரபணுவின் பணி யாது என்பதை உலகிற்கு உணர்த்திய பெருமை உடையது.

1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பீடில், டேட்டம் என்னும் இரு அறிஞர்கள் இப்பூசணத்தின்மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினர். அதன் வழித்தோன்றல்களுள் சில, தமக்கு வேண்டிய வைட்டமினைத் தாமே ஆக்கிக்கொள்ளும் ஆற்றலை இழந்திருந்தன. ஒரு மரபணு கெட்டால், என்சைம் எனப்படும் நொதி ஒன்று கெடுகிறது என்று அவர்கள் முடிவு கண்டனர். 1958-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எனினும் இது கெடுத்துப் பார்த்து அறிந்த அறிவேயாகும். கடிகாரத்தில் ஒரு சக்கரத்தைக் கழற்றினால் கடிகாரம் நின்றுவிடுகிறது. அச்சக்கரத்தை மீண்டும் பொருத்தியதும் ஓடுமாயின், ஐயம் முற்றும் அகலும். அவ்வாறே நல்ல மரபணுவை உட்செலுத்திப் பூசணத்தைச் சீர்செய்ய இயலுமா?

இதற்கு இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது, ஏறத்தாழ 10,000 மரபணுக்களுள் வேண்டியதொன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பெருக்குவது. இதற்குப் பிளாஸ்மிட் துணை செய்தது. பாக்டீரியாவினுள் தனித்து நின்று பெருகும் சிறிய டி.என்.ஏ. வளையமே பிளாஸ்மிட் ஆகும். அதில் பூசணத்தின் மரபணுவை ஒட்டிவிட்டால், பாக்டீரியா பெருகப் பெருக அம்மரபணுவும் பெருகும்.

இரண்டாவது தடை செல்லின் சுவர். இறாலின் ஓட்டில் உள்ள கைட்டின் என்னும் பொருள் பூசணத்தின் சுவரிலும் உண்டு. 1979-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மேரி கேஸ், நார்மன் ஜைல்ஸ் முதலியோர், நத்தையின் செரிமான நொதிகளைக் கொண்டு இச்சுவரைக் கரைத்தனர். சுவரிழந்த செல் வெறும் நீரில் வெடித்துவிடும். ஆகவே சார்பிட்டால் கரைசலில் அதனைக் காப்பர். பின்னர்க் கால்சியம் உப்பும் பாலிஎத்திலீன் கிளைகாலும் சேர்க்க, டி.என்.ஏ. உள்ளே புகுகிறது.

உட்புகுந்ததை எவ்வாறு அறிவது? இலட்சக்கணக்கான செல்களுள் மிகச் சிலவே மரபணுவை ஏற்கின்றன. ஆதலால், சில அமினோ அமிலங்களை ஆக்குவதற்குரிய நொதியற்ற பூசணத்தையே அவர்கள் தேர்ந்தெடுத்தனர். அவ்வமிலங்கள் இல்லாத உணவில் அப்பூசணம் வளராது. மரபணுவைப் பெற்றது மட்டுமே வளரும். தானே திருந்தியதோ என்ற ஐயம் எழாதிருக்க, டி.என்.ஏ. சேர்க்காத செல்களையும் உடன்வைத்து ஒப்பிட வேண்டும். சோதனையில் பூசணம் வளர்ந்தது. இல்லாதிருந்த நொதியும் அதனுள் தோன்றியது.

பாக்டீரியாவில் தனித்து நிற்கும் பிளாஸ்மிட், இழைப்பூசணத்தில் பெரும்பாலும் குரோமோசோமிலேயே இணைந்துவிடுகிறது. சிலவற்றில் மரபணு தன் பழைய இடத்திலேயே அமர்கிறது. வேறு சிலவற்றில் எங்கோ ஓரிடத்தில் அமர்ந்து, அங்குள்ள மற்றொரு மரபணுவைக் கெடுக்கவும் கூடும். மேலும், ஓர் இழையில் உட்கருக்கள் பல உண்டு. அவற்றுள் சில மாறியும் சில மாறாமலும் கலந்திருக்கும். ஆகவே வளர்ந்த ஒவ்வொன்றையும் தனித்தனியே தூய்மைப்படுத்தி ஆராய்ந்த பின்னரே முடிவு கூறுதல் தகும்.

இம்முறையின் பயன் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. பாலாடைக்கட்டி செய்வதற்குப் பாலைத் திரிக்கும் கைமோசின் என்னும் நொதியை, முன்பு இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தனர். இன்று கன்றின் மரபணுவைப் பெற்ற அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூசணம் அந்நொதியைத் தொட்டிகளில் சுரந்து தருகிறது. கன்றைக் கொல்லாமலே கட்டி உறைகிறது.

மாணவர்களே! ஒன்று இல்லாதபோது ஒரு செயல் நின்றுவிட்டால், அதுவே காரணம் என்று உடனே துணிந்துவிடாதீர்கள். அதனை மீண்டும் வைத்துப் பாருங்கள். செயலும் மீண்டால் அப்போது துணியுங்கள். இப்பயிற்சி எந்த ஆய்வுக்கும் பொருந்தும்.