சிக்னல் இல்லாதபோதும் திறக்கும் பாடம்

இணையவழிப் பாடம் தயாரிக்க இறங்குபவர்களிடம் முதலில் எழும் பேச்சு மென்பொருளைப் பற்றியதுதான்: மூடுல் (Moodle) தளமா, சொந்தச் செயலியா, யூடியூபே போதுமா? தருமபுரி மாவட்டம் இண்டூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கென்று செய்வதானால், அதற்கு முன்பே ஒன்றைக் கேட்டாக வேண்டும். சிக்னல் இல்லாத நேரத்தில் இந்தப் பாடம் திறக்குமா? நொடிக்கு 500 கிலோபிட் என்ற கணக்கில் அரைமணி நேர வீடியோ 110 எம்பியைத் தாண்டும். அதே பாடத்தை 32 கிலோபிட் ஒலியாகக் கொடுத்தால் 7 எம்பி சொச்சம். கூடவே நாலைந்து படங்கள் சேர்த்தாலும் பெரிதாக ஏறாது. கையெழுத்தும் செய்முறையும் கண்ணால் பார்த்தே ஆகவேண்டிய இடத்துக்கு மட்டும் வீடியோவை வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சாயின. மத்திய அரசின் தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோவும் பயிற்சியும் வரும். குறியீட்டுக்கு அடியிலேயே எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு இருக்கும். கேமரா கெட்டுப்போன போனில் அதைத் தட்டினால் போதும். இறக்கியதை இணையமின்றிப் பார்க்கலாம், பக்கத்துப் போனுக்குக் கோப்பாகவும் அனுப்பலாம். இறக்கிவைத்துப் பகிரும் இந்த யோசனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2020இல் பள்ளிகள் மூடியபோது கல்வித் தொலைக்காட்சி டேட்டா செலவில்லாமல் வீடுகளுக்குப் போனது உண்மை. ஆனால் ஒளிபரப்பில் பிள்ளை விடை எழுதிச் சரிபார்க்க வழியில்லை.

இப்போதுதான் 4ஜி ஊரெங்கும் வந்துவிட்டதே என்பார்கள். டவர் வந்தாலும் வீட்டுக்கு ஒரே போன் என்றால், அது பகலில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்; ராத்திரி கைக்கு வரும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். இணையமில்லாமல் படித்தால் பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று ஆசிரியருக்கு எப்படித் தெரியும் என்பது இன்னும் வலுவான கேள்வி. இணையவழிப் பாடங்களுக்கான பழைய தரமான ஸ்கார்ம் (SCORM) முறையில் பாடம் பொதுவாக சர்வரோடு தொடர்பிலேயே ஓடவேண்டியிருந்தது. 2013இல் வெளியான எக்ஸ்ஏபிஐ (xAPI) தரம் ஒவ்வொரு விடையையும் சிறு குறிப்பாக எழுதுகிறது. செயலி அவற்றைப் போனிலேயே சேர்த்துவைத்து, இணைப்பு கிடைத்ததும் அனுப்பிவிடலாம். பள்ளியில் ஒரே கணினியில் கொலிப்ரி (Kolibri) என்ற கற்றல் மென்பொருளை நிறுவினால், வெளி இணையம் இல்லாமலே வைஃபையில் வகுப்பு முழுவதும் படிக்கும், மதிப்பெண்ணும் அங்கேயே பதிவாகும். ஒரு குறை மட்டும் நியாயமானது: இறக்கிவைத்த பாடத்தில் தப்பான விடை இருந்தால் அது அப்படியே தங்கிவிடும். அதனால்தான் பாடத்தைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண் கொடுக்கவேண்டும். திருத்திய துண்டை மட்டும் மறுபடி இறக்கினால் போதும்.