ஒரு நாரில் பல வர்ணம்

மயிலாப்பூர் மாட வீதியில் கதம்பம் வாங்கியிருப்பீர்கள். ஒரே வாழைநாரில் எத்தனை வர்ணம்! சிங்கப்பூரிலுள்ள பிள்ளையிடம் நீங்கள் முகம் பார்த்துப் பேசுவதும் இந்த வித்தையினால்தான்.

மயிரிழை போன்ற கண்ணாடி நாரில் பேச்சு ஒளியாய் ஓடுகிறது. பேச்சு பெருகினால் புது வடம் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத பல ‘வர்ண’ ஒளிகளை ஒரே நாரில் ஒருசேர அனுப்பலாம். அவை கலப்பதில்லை, மறுமுனையில் பிரித்துக்கொள்ளலாம். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போட்ட கடலடி வடத்தில் எட்டு ஜோடி நார்கள்; ஒவ்வொரு ஜோடியிலும் 105 வர்ணங்கள் வரை!

இத்துறையில் பெயர் பெற்றவர் குமார் சிவராஜன். அடையாற்றுக்கு அருகிலுள்ள ஐ.ஐ.டி.யில் 1987-ல் பட்டம். அமெரிக்காவில் டாக்டர் பட்டம், ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் உத்தியோகம். அங்கேயே தங்கியிருக்கலாம் அல்லவா? அவரோ திரும்பி வந்து பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியரானார். அதே ஐ.ஐ.டி.யில் படித்த ராஜீவ் ராமசுவாமியுடன் அவர் எழுதிய ஒளி வலைப்பின்னல் நூல் 1998-ல் வெளிவந்து, பல நாட்டு மாணவர்களுக்குப் பாடமாயிற்று. 2000-ல் நண்பர்களுடன் ‘தேஜஸ்’ கம்பெனியைத் தொடங்கி, ஒளிச் சாதனங்களை இங்கேயே வடிவமைத்தார்.

நாளை பூத் தொடுக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பெண்ணிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அடுத்த வர்ணத்தைச் சேர்க்கப்போகிறவள் அவளாகவும் இருக்கலாம்!