படிவம் ஒன்றில் மூடப்படும் புத்தகம்

பத்துமலைத் தமிழ்ப்பள்ளியைப் போன்ற பள்ளிகளில் ஆறு ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளைகள், பிறகு மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே. அதுவும் தானாகக் கிடைத்துவிடாது. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும், பள்ளியிலும் வசதி இருக்க வேண்டும் என்கிறது 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டம்.

பள்ளி நூல்நிலையத்தின் தமிழ் அலமாரியும் அப்படித்தான். கேட்பவர் இருந்தால் வளரும். இல்லையேல் தூசி படியும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதுதான். பூட்டிய அலமாரி நூலகம் ஆகாது.

இளையோரைத் தடித்த நாவலில் தொடங்கச் சொல்ல வேண்டியதில்லை. காற்பந்து, துப்பறியும் கதை, அறிவியல் என அவர்கள் விரும்புவதையே முதலில் எடுக்கட்டும். பள்ளியின் நிலாம் வாசிப்புத் திட்டத்தில் மாணவர்கள் தாங்கள் படித்த நூல்களைப் பதிவு செய்கின்றனர். அந்தப் பட்டியலில் மாதம் ஒரு தமிழ் நூலும் இடம்பெறலாம். விரும்பிய நூல் இல்லையென்றால் நூல்நிலைய ஆசிரியரிடம் கேட்கலாம்.

பெற்றோரும் “எத்தனை மதிப்பெண்?” என்பதோடு நிறுத்தாமல், “இந்த வாரம் என்ன புத்தகம் எடுத்தாய்?” என்றும் கேட்க வேண்டும். பிள்ளைகள் இரவல் வாங்கும் ஒவ்வொரு தமிழ் நூலும், அடுத்த நூலை வாங்கச் சொல்லிப் பள்ளிக்குக் கொடுக்கும் மனுவாகும்.